மூடிய ட்ரெயிலருக்கு எந்தத் தரை தாங்கும்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மணவறைக்காரன் (ஸ்காபரோ):

கனடாவில் கல்யாணங்களுக்கு மணவறை, கதிரை, பூத்தூண், லைட் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் எங்களது. மூடிய ட்ரெயிலர், 6 அடிக்கு 12 அடி, ஒற்றை அச்சு. கோடையில் சனி ஞாயிறு என்றால் காலையில் ஒரு கல்யாண மண்டபம், பின்னேரம் இன்னொரு மண்டபம் என்று ஓட்டம்தான். தரை முக்கால் அங்குல பிளைவூட். இங்கே விற்கிற ட்ரெயிலர்களில் பெரும்பாலும் அதுதான் வருகிறது, மேலே பூச்சு எதுவும் கிடையாது. இப்போது அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பழைய பலகையைக் கழற்றியபோது பார்த்ததை முதலில் சொல்கிறேன். நடுவில், நாங்கள் நடந்து, சாமான் இழுத்து, தள்ளுவண்டிச் சில்லு உருட்டித் தேய்த்த இடம் கீறலைத் தவிர நல்ல திடமாக இருந்தது. பின்கதவு அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்து, ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினால் பிடி வரை இறங்கும் அளவுக்கு உக்கியிருந்தது. கையால் இழுத்தால் ஈரத்தாள் மாதிரி அடுக்கு அடுக்காக வந்தது. பக்கச்சுவர் ஓரத்திலும், ஸ்குரூ இறங்கிய ஓட்டைகளைச் சுற்றியும் அதே கதை, கொஞ்சம் குறைவாக. ஆக ஏற்றின பாரம் தரைக்கு ஒன்றும் செய்யவில்லை, கதவு றப்பர் வழியாகக் கசிந்த தண்ணீர் வெட்டின விளிம்பில் ஏறித்தான் அத்தனையும் நடந்திருக்கிறது. பிளைவூட்டின் மேல்முகத்தில் தண்ணீர் நின்றால் துடைத்துவிடலாம், வெட்டுமுகத்தில் பட்டால் அது குடித்துவிடும்.

அலுமினிய செக்கர் தகடு போடச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவருடைய ட்ரெயிலரில் அது இருக்கிறது, சில வேலைகளுக்கு இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். பார்க்க வடிவுதான். ஆனால் மழை நாளில் கல்யாணச் சப்பாத்தோடு தூணைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அந்த மேடு பள்ளத்தில் சின்னச் சில்லுகள் தடதடவென்று ஆடிக்கொண்டு வருகிற சத்தமும் பொறுக்காது, விளக்குத்தண்டு கண்ணாடி எல்லாம் அதில்தான் வருகிறது. உங்களுடைய ட்ரெயிலரில் என்ன போட்டிருக்கிறீர்கள், எப்படி நிற்கிறது?

புல்லுவெட்டி (பிக்கரிங்):

எங்களுக்குக் கோடையில் புல்லு, மாரியில் ஸ்னோ. பகை என்றால் உப்புதான். ஸ்னோ தள்ளும் மெஷினை உள்ளே ஏற்றினால் அதில் ஒட்டின பனி உருகி, உப்புத் தண்ணியாகத் தரை முழுக்க ஓடும். அதனால் தடித்த றப்பர் மேட் விரித்து வைத்திருந்தோம், எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள். வசந்தத்தில் மேட்டைத் தூக்கினால் கீழே பலகை ஈரமாக, கறுப்புப் பூஞ்சணம் பிடித்து, ஸ்குரூத் தலைகள் எல்லாம் கறள். மேட் மேலிருந்து வருகிற அடியைத் தாங்கும், சரி. ஆனால் கீழே போன தண்ணியை அது வெளியே விடாது. மேட் போடுகிறவர்கள் கிழமைக்கு ஒருமுறை சுருட்டி வெளியே எடுங்கள், அல்லது போடாதீர்கள்.

பிறகு பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டிக்கு அடிக்கிற பொலியூரியா ஸ்ப்ரே, அதாவது தடித்த பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு, அடித்தோம். எனக்குத் திருப்தி. தண்ணி உள்ளே போகிற வழியே இல்லை, சுவர் ஓரத்தில் நாலு அங்குலம் மேலே ஏற்றி அடித்ததால் மூலையும் அடைபட்டது. ஆனால் பலகை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், ஈரத்தோடு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினது போல ஆகிவிடும். இன்னொரு குறை, மேற்பரப்பு சொரசொரப்பு. பெட்டியைத் தள்ளினால் வழுக்காது, தூக்கித்தான் வைக்க வேண்டும். முழங்கால் ஊன்றி வேலை செய்தால் தோல் உரியும். மணவறை அண்ணைக்கு அது சரிவருமா தெரியாது, வெள்ளைத் துணி சுற்றின தூண்களை அதன் மேல் இழுத்தால் துணி போச்சு.

வெல்டர் தம்பி (பிராம்ப்டன்):

நான் ட்ரெயிலர் திருத்துகிற இடத்தில் வேலை செய்கிறேன். எல்லாரும் மேலே என்ன போடுவது என்று கதைக்கிறீர்கள், கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா 24 அங்குலத்துக்கு ஒன்றா? மலிவான ட்ரெயிலரில் பெரும்பாலும் 24தான் இருக்கும். 24இல் முக்கால் அங்குலப் பலகை கதிரைக்கும் பெட்டிக்கும் போதும். ஆனால் 500 பவுண்ட் சாமானை நாலு குட்டிச் சில்லில் நிறுத்தினால் ஒவ்வொரு சில்லும் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில்தான் அழுத்தும், பலகை வளையும், வளைந்த இடத்தில் பூச்சு வெடிக்கும், பிறகு தண்ணிக்கு வழி. அந்த மாதிரி பாரத்துக்கு இடையில் இன்னொரு சட்டம் ஒட்டவைப்பதுதான் புத்தி. இரட்டைப் பலகை அடிக்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பாரக் கணக்கும் முக்கியம். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரெயிலரின் மொத்த எடை 1360 கிலோ (ஏறத்தாழ 3000 பவுண்ட்) தொட்டால் பிரேக் கட்டாயம். ஒற்றை அச்சு ட்ரெயிலர்கள் 2990 பவுண்ட் என்று எழுதி வருவது அதற்குக் கீழே நிற்கத்தான். 6க்கு 12 தரை என்றால் 72 சதுர அடி. அதில் எட்டில் ஒரு பங்கு அங்குல இரும்புத் தகடு போட்டால் ஏறத்தாழ 165 கிலோ, அதே தடிப்பில் அலுமினியம் என்றால் 57 கிலோ அளவு. அந்த இரும்பைச் சும்மா சுமந்துகொண்டு திரிகிற காசும் போகும், நீங்கள் ஏற்றக்கூடிய சாமானும் அவ்வளவு குறையும்.

அடுத்தது, ‘பிரஷர் ட்ரீட்டட்’ பலகை, அதாவது உக்காமல் இருக்க மருந்து ஏற்றின பலகை. உக்காது என்று கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் 2004க்குப் பிறகு வீட்டுப் பாவனைக்கு வருகிற அந்தப் பலகைகளில் செம்பு கூடுதலாக இருக்கிறது, ஈரத்தோடு சேர்ந்தால் அது அலுமினியத்தைத் தின்னும். சட்டம் அலுமினியமாக இருந்தால் கிட்டவே போக வேண்டாம். இரும்புச் சட்டம் என்றாலும் சாதாரண ஸ்குரூ அரித்துப்போகும், ஸ்டெயின்லெஸ் போடுங்கள், பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு ஒட்டுநாடாவும் ஒட்டுங்கள்.

இன்னொன்று. சாதாரண பிளைவூட்டில் ‘எக்ஸ்டீரியர்’ என்று முத்திரை இருந்தால் சனம் நம்பிவிடுகிறது. சிஎஸ்ஏ ஓ121 என்ற கனடியத் தர முத்திரை குத்தின டக்ளஸ் ஃபேர் மரப் பலகை நல்ல பலகைதான், ஆனால் அந்த முத்திரை பசையைப் பற்றிப் பேசுகிறது. பசை தண்ணீரைத் தாங்கும், மரம் உக்கத்தான் செய்யும். உங்கள் பலகை அடுக்கடுக்காக வந்ததே அண்ணை, பசை விட்டதால் இல்லை, இடையில் இருந்த மரமே போய்விட்டதால்.

சமையல்கட்டு (மார்க்கம்):

நாங்கள் கேட்டரிங். நாணய வட்டம் போட்ட வினைல் சுருள் ஒட்டியிருக்கிறோம். கழுவ வசதி, எண்ணெய் சிந்தினாலும் டிஷ் சோப் போட்டால் போய்விடும். ஒரே துண்டாக எடுத்தோம், நடுவில் மூட்டு இல்லாமல். குளிரில் ஒட்டப் போகாதீர்கள். சுருள் விறைத்து நிற்கும், இழுத்துப் பிடித்து ஒட்டினால் வெயில் வந்ததும் பொங்கிவிடும். சூடான கராச்சில் இரவு முழுக்க விரித்துப் படுக்கவிட்டு, அடுத்த நாள் பசை போடுங்கள். ஓரத்தை மட்டும் ஒட்டி நடுவைச் சும்மா விட்டால், சில்லு ஓடும்போது அலை அலையாக வரும்.

வினைலுக்கு ஆகாதது சூடு. அடுப்பிலிருந்து நேராக இறக்கின பெரிய குழம்புக் கிடாரத்தை வைத்தால் வட்டமாகத் தடம் விழும், அதற்கென்று பலகைத் துண்டுகள் வைத்திருக்கிறோம். ஓரத்தைச் சீல் பண்ணுவதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஒரு கோடை ஆட்டிறைச்சிக் குழம்பு ஓரத்தால் உள்ளே இறங்கி, அது எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை இடியப்பம் ஏற்றினாலும் ஆட்டு வாசம்தான். மாப்பிள்ளை வீட்டார் சைவம் என்றால் யோசித்துப் பாருங்கள்!

மணவறைக்காரன் (ஸ்காபரோ):

சந்தோசம், எல்லாருக்கும். வெல்டர் தம்பி சொன்ன பிறகு படுத்துக் கிடந்து அளந்தேன், 24 அங்குலம்தான். எங்கள் பாரம் அதிகம் இல்லை, ஆனால் சத்தப்பெட்டி நிற்கிற இடத்தில் மட்டும் குறுக்கே இரண்டு சட்டம் வைக்கச் சொல்லப் போகிறேன். பலகை மறுபடியும் முக்கால் அங்குல டக்ளஸ் ஃபேர்தான். வெட்டின எல்லா விளிம்புக்கும் எப்பொக்சி இரண்டு கை, அடிப்பக்கத்துக்கும் பெயின்ற். மேலே வினைல். ஸ்ப்ரே துணியைக் கிழிக்கும் என்றது எனக்குச் சரியாகப் பட்டது. பின்கதவடியில் மட்டும் ஒரு கீற்று அலுமினியத் தகடு, கீழே தண்ணி புகாத பியூட்டைல் ஒட்டுநாடா ஒட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ.

அதற்கெல்லாம் முதல் கதவு றப்பரை மாற்ற வேண்டும். மார்க்கம் அண்ணை, அந்த வினைல் ஆறடி அகலத்தில் ஒரே துண்டாக எந்தப் பக்கம் எடுத்தீர்கள், அடிக்கணக்கில் வெட்டித் தருவார்களா?