முதியோருக்கான களிமண் வகுப்பு: மண் பதம் முதல் சூளை வரை

மண்பாண்டத் தொழிலாளி:
வகுப்பு நிலைப்பதும் கலைவதும் மண்ணின் பதத்தில்தான் இருக்கிறது. பானை வனையும் பதம் எழுபது வயதுக் கைக்குக் கெட்டி. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று ஒருவர் கையை எடுத்துக்கொண்டால், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கணும். விரலை வைத்து அழுத்தினால் ரேகை பதியணும், மண் விரலோடு வரக்கூடாது. ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் அதிகம். பருத்தித் துணியில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள். திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைக்கும்போது வெடித்தால் ஈரம் போதவில்லை, இல்லையென்றால் மணல் கூடிவிட்டது.

குளத்து மண் எடுத்தால் காயவைத்து உடைத்து, இரண்டு நாள் ஊறப்போட்டுக் கரைத்து வடிகட்டியே தீரணும். நத்தை ஓடும் கண்ணாடிச் சில்லும் வயதானவர்களின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல். ஆளுக்கு அரை கிலோ போதும். பெரிய கட்டியாக முன்னால் வைத்தால் மலைத்துப்போவார்கள்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்):
பதத்தோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மூட்டுவாதக் கைக்குக் குளிர்ந்த மண் வேதனை. உருண்டையைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் போட்டு எடுத்துக் கொடுக்கலாம். காலையில் விரல்கள் விறைத்திருக்கும், அதனால் 11 மணிக்கு மேல் தொடங்குவது நல்லது.

அகல் செய்யச் சொன்னதும் எல்லோரும் கட்டைவிரலால்தான் கிள்ளுகிறார்கள். தேய்ந்துபோன அடிமூட்டின் மேல் முழுப் பாரமும் இறங்குவது அப்போதுதான். ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, தட்டையாக்கிய மண்ணை அதன்மீது உள்ளங்கையால் தட்டச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது. பலவீனமான கையை மண்மேல் வைத்து, நல்ல கையை அதற்கு மேல் வைத்து உருட்டட்டும். மேசை முழங்கை உயரத்தில், பாதம் தரையில். நேரம் 30, 40 நிமிடம். முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் கை வலித்தால், அடுத்த முறை மண்ணை இன்னும் இளக்கி நேரத்தையும் குறைக்கணும்.

சர்க்கரை நோயாளிகளின் விரல்களைத் தொடங்கும் முன்னே பாருங்கள். வெடிப்போ காயமோ இருந்தால் கையுறை, ஆறாத புண் என்றால் அன்றைக்கு மண் வேண்டாம்.

மறதிநோய் பராமரிப்பாளர்:
"உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்க" என்பது மறதி உள்ளவரைத் தவிக்கவிடும் வாக்கியம். எதிரே உட்கார்ந்து நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். பேச்சு தடுமாறிய பிறகும் பழகிய கையசைவு நெடுநாள் நிற்கும். கொழுக்கட்டை பிடித்த கைக்குப் பிள்ளையாரின் வயிறும் தலையும் தானாக உருண்டு வரும், தும்பிக்கைக்கு ஒரு திரி போதும். அது கோணலாக இருந்தால் தயவுசெய்து நிமிர்த்தாதீர்கள். நம் விரல் பட்ட நொடியில் அது அவர் செய்த பிள்ளையார் இல்லை.

எதையும் வாயில் வைப்பவராக இருந்தால் மண்ணே வேண்டாம். உப்பு நிறையப் போட்டுப் பிசையும் மைதாவும் ஆகாது, விழுங்கினால் உப்பு ஆபத்து. வெறும் கோதுமை மாவைப் பிசைந்து கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

புது உறுப்பினர்:
காய்ந்ததும் காது, தும்பிக்கை எல்லாம் உதிர்கிறதே, ஏன்?

மண்பாண்டத் தொழிலாளி:
ஈரமான காதைப் பாதி காய்ந்த தலையில் ஒட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவு சுருங்காததால் விட்டுப்போகிறது. ஒரே ஈரத்தில் இருக்கும்போது இரு பக்கமும் பழைய சீப்பால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துங்கள். பிறகு செய்தித்தாள் மூடி நிழலில் ஒரு வாரம், மழைக்காலத்தில் இரண்டு. ஃபேனுக்கு நேரே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு பிளக்கும்.

சுடுவதாக இருந்தால் பருமனான உருவத்தை அடியில் குடைந்து, சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிச் சூளையில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதும் உடையும். மானாமதுரை, விளாச்சேரி மாதிரி ஊர்களின் அருகே இருப்பவர்கள் அங்கே சூளை அடுக்கும்போது சேர்த்துச் சுட்டுத்தரக் கேட்கலாம். செய்தவர் பெயரை ஈரத்திலேயே குச்சியால் அடியில் எழுதிவிடுங்கள்.

காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், உப்புத்தாளாலும் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, துணியை வாளியில் அலசி, மண் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் கொட்டுங்கள். படிந்ததை அடுத்த வகுப்புக்குப் பிசைந்துகொள்ளலாம்.