எண்பதுகளின் பாட்டு: நல்ல பாட்டா, பழகின பாட்டா?

மண்டபத்துப் பையன்:
நேற்று இராமேஸ்வரத்தில் பஸ் ஏறி இராமநாதபுரத்தில் இறங்கினேன். ஒன்றரை மணி நேரமும் டிரைவர் போட்டது எண்பதுகளின் சினிமாப் பாட்டுதான். பக்கத்து சீட்டுப் பெரியவர் பாம்பன் பாலத்தில் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்தார். உச்சிப்புளி வந்தபோது குறட்டை. இறங்கும்போது மட்டும் "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இனி வருமா தம்பி" என்று கேட்டுவிட்டுப் போனார். தூங்கினவர் எப்படி மார்க் போடுகிறார் என்றுதான் புரியவில்லை.

இந்தக் குழுவில் இருக்கும் பெரியவர்களிடம் நேராகவே கேட்கிறேன். அவை உண்மையிலேயே நல்ல பாட்டுகளா, இல்லை கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவையா? எதை எடுத்தாலும் நிலா, மேகம், தேன், மான். வரி தீர்ந்தால் ஒரு லாலலா கோரஸ். டிஸ்கோ என்ற பேரில் டிரம்ஸைப் போட்டு அடி அடியென்று அடிப்பது. உங்களுக்கெல்லாம் அப்போது இருபது வயது, யாரையோ காதலித்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் இனிக்கிறது. அதைப் பாட்டின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

பாம்பன்காத்து:
தம்பி, எனக்கு 1980-ல் பன்னிரண்டு வயது. காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை. அப்பாவுக்கு வலையில் மிதப்புக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீ கிண்டல் செய்யும் நிலாப் பாட்டு ஒன்றையே எடுத்துக்கொள். 'மூடுபனி' படம், 1980, யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே'. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் தடவை குரலை விட்டுவிட்டு கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போ. அடுத்த தடவை பாஸ் கிதாரை, அதாவது அடி ஓசை வாசிக்கும் கிதாரை மட்டும். மேலே யேசுதாஸ் ஒரு பாட்டுப் பாட, அடியில் பாஸ் தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். இரண்டும் எங்கேயும் முட்டாது. அந்தக் காலத்தில் வயலின்காரர்கள், குழல், தபலா எல்லாரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, இளையராஜா எழுதிக் கொடுத்த நொட்டேஷனைப் பார்த்து வாசித்தார்கள். ஒருவர் கை தவறினால் எல்லாரும் திரும்ப முதலிலிருந்து. இதைப் போய் பழக்கம் என்கிறாயா?

கீழக்கரை மைக்செட்:
1983-லிருந்து பதினைந்து வருடம் கேசட் பதிவுக் கடையும் மைக்செட் வாடகையும் என் பிழைப்பு. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அதை ஆர்டர் நோட்டில் எழுதிக்கொள்வேன். 60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு, நெருக்கிப் பிடித்தால் ஏழு. 90 கேட்டால் வேண்டாம் என்பேன். அதில் நாடா மெலிசு. வேன் டிரைவர்கள் வெயிலில் கண்ணாடிக்குக் கீழே போட்டு வைப்பார்கள், நாடா இழுத்துக்கொள்ளும், யேசுதாஸ் குரல் கள்ளுக் குடித்த குரலாகிவிடும்.

அந்த நோட்டில் மூன்று இன்னும் வீட்டில் கிடக்கிறது. புரட்டினால் பாதிப் பாட்டு எனக்கே ஞாபகம் இல்லை, அத்தனையும் என் கையால் பதிந்தது. ஒரு படம் ஓடினால் பத்து நாளைக்கு அதே பாட்டுதான் கேட்பார்கள். பதினோராம் நாள் அதே கேசட்டைக் கொண்டுவந்து "அழிச்சிட்டு வேற போட்டுக் கொடுங்க காக்கா" என்பார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். இப்போது பஸ்ஸில் ஓடுவது அதிலே பொறுக்கி எடுத்த நல்ல மீன். சங்காயம், அதாவது கழிவு மீனெல்லாம் அப்போதே கோழித் தீவனத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்று. பாம்பன் தம்பி பாஸ் கிதார் என்கிறாரே, அதை அந்தக் காலத்தில் இந்தக் கரையில் யாரும் ஒழுங்காகக் கேட்டிருக்க வழியில்லை. கல்யாண வீட்டு வேப்பமரத்தில் நான் கட்டின குழாய் ஒலிபெருக்கி இருக்கிறதே, அது குரலையும் நாதஸ்வரத்தையும் அடுத்த ஊருக்கே அனுப்பும். அடி ஓசையை மட்டும் மரத்தடியிலேயே விட்டுவிடும். கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டரும் அப்படித்தான். நீங்கள் கேட்டது குரல், குழல், கொஞ்சம் வயலின். அவ்வளவுதான்.

மண்டபத்துப் பையன்:
காக்கா, பதிவு செய்தவரே சாட்சி சொல்லிவிட்டீர்கள். எங்கள் பக்கம் வந்துவிடுங்கள்.

கீழக்கரை மைக்செட்:
எந்தப் பக்கமும் இல்லை மவனே. செட் வாடகைக்குக் கொடுத்தவன் நான். பெண் வீட்டுக்கும் கொடுப்பேன், மாப்பிள்ளை வீட்டுக்கும் கொடுப்பேன்.

தேவிபட்டினம் தமிழய்யா:
நீங்கள் எல்லாரும் வாத்தியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பாட்டு என்றால் முதலில் சொல். கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். திரைப்பாட்டில் சொல் அன்றைக்கே அனாதையாகிவிட்டது. அதற்கப்புறம் மெட்டு முதலில், வார்த்தை பிறகு. தையற்காரர் அளவெடுத்துக் கொடுத்த இடத்தில் துணியைத் திணித்தார்கள். போதாக்குறைக்கு 1985-ல் 'சிந்து பைரவி'யில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையைக் காம்போதி ராகத்திலிருந்து தூக்கி சாரமதி ராகத்தில் வைத்தார்கள். அதையும் புரட்சி என்று கொண்டாடினார்கள். எனக்கு இன்றும் அது ஒப்பவில்லை.

பாம்பன்காத்து:
ஐயா, மன்னிக்கணும். மெட்டுக்குப் பாட்டு எழுதுவதை எண்பதுகளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணதாசனே விஸ்வநாதன் மெட்டுக்கு எத்தனையோ எழுதியவர். அவருடைய கடைசித் திரைப்பாட்டு என்று எல்லாரும் சொல்லும் 'கண்ணே கலைமானே' 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யில்தான் இருக்கிறது, அதுவும் இளையராஜா மெட்டுதான். அதைத் தையல் அளவு என்று தள்ள உங்களுக்கே மனசு வராது. வைரமுத்து எழுத வந்தது 1980-ல், 'நிழல்கள்' படத்தில்.

பாட்டு காலம் கடந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான அளவு. 2024-ல் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் நம் எண்பதுகளின் பாட்டு ஒலித்ததும் கேரளத்துப் பையன்கள் தியேட்டரில் எழுந்து நின்றார்கள். 'கண்மணி அன்போடு'. அவர்களுக்கென்ன பழைய ஞாபகம்?

மண்டபத்துப் பையன்:
அண்ணே, அந்தப் பாட்டு வந்த 'குணா' 1991 தீபாவளி ரிலீஸ். பிடித்த பாட்டையெல்லாம் எண்பதுகளில் போட்டுக்கொண்டால் எண்பதுகள் ஜெயிக்காமல் என்ன செய்யும்? பிடிக்காததை எந்தப் பத்தாண்டில் போடுவீர்கள்?

பாம்பன்காத்து:
சரி, அது என் தப்பு.

மன்னார்க்கரை:
தம்பிமாரே, அண்ணைமாரே, இரண்டு நாளாக வாசிச்சுக்கொண்டிருக்கிறேன், நானும் கொஞ்சம் சொல்லட்டே.

நான் 1984-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவள். மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். எங்கட ஊரில் பாட்டு என்றால் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைதான். அறிவிப்பாளர்கள் அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் இவர்களின் குரல் கேட்காமல் வீட்டில் அடுப்பு எரியாது. முகாமில் பக்கத்து அறை மாமா ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். ஏரியல் முறிந்துபோனது. அதன் அடிக்கட்டையில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, கம்பியைக் கூரை ஓட்டு இடுக்கு வழியாக வெளியே விட்டிருந்தார். கம்பியில் காகம் உட்கார்ந்தால் கரகரக்கும், சின்னப்பிள்ளைகள் ஓடிப்போய்க் காகம் கலைப்போம். விட்டுவிட்டு வந்த கரையிலிருந்து அதே குரல், "இசை இளையராஜா" என்று சொல்லும். சென்னையில் செய்த பாட்டு, கொழும்புக்குப் போய், கடல் தாண்டி மண்டபத்துக்கு வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பது முப்பது கிலோமீட்டர்தானே.

மண்டபம் தம்பி, ஞாபகம் பாட்டை இனிப்பாக்கும் என்கிறீர். கெடுக்கவும் செய்யும். நாங்கள் புறப்பட்ட அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு வானொலியில் ஒரு பாட்டுப் போனது. எல்லாரும் கொண்டாடும் பாட்டு, ஜானகி பாடியது. எங்கே கேட்டாலும் எழும்பிப் போய்விடுவேன். அது நல்ல பாட்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் கேட்க ஏலாது. அப்படியென்றால் பாட்டு வேறே, ஞாபகம் வேறே என்றுதானே ஆகிறது?

தமிழய்யாவுக்கு ஒன்று. அந்த 'மரி மரி' முதலில் வரவில்லை. 'பாடறியேன் படிப்பறியேன்' என்று நாட்டுப்பாட்டாகத் தொடங்கி, அது வளர்ந்து வளர்ந்துதான் கீர்த்தனையில் போய் நிற்கிறது. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற எங்களுக்கு அந்த ஏற்றம் நல்லாய்ப் பிடித்தது. சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பாட்டுத்தான். ராகம் மாறியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். அந்த வருத்தம் வரவும் காம்போதி தெரிந்திருக்க வேணுமே ஐயா.

மற்றது, ஆடுகிற பாட்டையெல்லாம் எண்பதுகளின் டிஸ்கோ கணக்கில் எழுதவேண்டாம். எங்கட சிலோன் மனோகர் 'சுராங்கனி'யைப் பைலா என்ற எங்கட ஆட்டத் தாளத்தில் எழுபதுகளிலேயே பாடி உங்கட ஊரையும் ஆட்டினவர்.

தேவிபட்டினம் தமிழய்யா:
அம்மா, கடைசியில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காம்போதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாம்பன்காத்து:
காக்கா குழாயைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் சொன்னது சரி. சின்ன வயதில் நான் அந்த பாஸைக் கேட்டதே இல்லை.

2009-ல் மச்சினன் துபாயிலிருந்து ஒரு ஹெட்போன் கொண்டுவந்தான். அதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு நாற்பத்தொரு வயது. பாட்டு முழுக்க மனப்பாடம், வரி, இடையிசை, யேசுதாஸ் மூச்சு விடும் இடம் வரைக்கும். அதற்குள் ஓர் ஆள் முப்பது வருடமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப நாலு தடவை போட்டேன். வீட்டில் இருப்பவள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள்.

இப்போது சொல் தம்பி. பழகினது குரல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த பாஸில் பழக்கம் எங்கே வந்தது? நாற்பத்தொரு வயதில் கேட்ட புதுச் சமாச்சாரம் அது. நீ இன்றைக்கு ஹெட்போனில் கேட்டால் உனக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்.

மண்டபத்துப் பையன்:
இது கொஞ்சம் இடிக்கிறது அண்ணே. நேற்று நீங்கள் சொன்னபடி குரலை விட்டுவிட்டுக் கேட்டேன். பாஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு யாராவது அதை அப்படியே எடுத்து வைத்தால் நானே புதுப் பாட்டு என்று நினைத்திருப்பேன்.

ஆனால் ஒரு பாட்டை வைத்துப் பத்து வருடத்துக்கும் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. ராஜா ஒரே வருடத்தில் நாற்பது படத்துக்கு மேல் இசையமைத்த காலம். அது போக சங்கர் கணேஷ், சந்திரபோஸ், டி. ராஜேந்தர். நீங்கள் எப்போதும் முத்தை எடுத்துக் காட்டுகிறீர்கள், நான் சிப்பிக் குவியலைக் காட்டுகிறேன். இப்படியே போனால் முடியாது. காக்கா, உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தைப் பொறுக்காமல் கொள்ளாமல் அப்படியே கொடுங்கள். அத்தனையையும் தேடிக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

கீழக்கரை மைக்செட்:
கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன். 1987, ஒரு ரமலானுக்கு முந்தைய வாரம். மொத்தம் ஒன்பது ஆர்டர். மூன்று முழுக்க நாகூர் ஹனீபா. அவரை விட்டுவிட்டு எண்பதுகளின் பாட்டு என்று பேசுகிற உங்களையெல்லாம் என்ன சொல்ல, இந்தக் கரையில் அதிகம் தேய்ந்தது அவர் கேசட்தான். நான்கு சினிமா, அதில் இரண்டுக்குப் படத்தின் பேரே தெரியாமல் "தொண்டி கொட்டகையில் ஓடுற படம், ஆம்பிளை அழுகிற பாட்டு" என்று எழுதியிருக்கிறேன். அது எந்தப் பாட்டு என்று அப்போது எப்படிக் கண்டுபிடித்தேனோ. ஒன்று யாரோ பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தாலாட்டு மட்டும். கடைசி ஆர்டருக்கு நேரே "பணம் கட்டியாச்சு, வாங்கவில்லை" என்று இருக்கிறது. பெட்டியில் தேடினேன். அந்தக் கேசட் இருக்கிறது. உறையில் பெயர் இல்லை, பாட்டுப் பட்டியலும் இல்லை, ஓரத்தில் பூஞ்சை பூத்திருக்கிறது.

மண்டபத்துப் பையன்:
அதில் என்ன இருக்கிறது காக்கா?

கீழக்கரை மைக்செட்:
போட்டால்தானே தெரியும். கேசட் டெக் இருக்கிறது, அதன் பெல்ட் இற்றுப்போய்விட்டது. மதுரைப் பக்கம் போனால் ஒன்று வாங்கிக்கொண்டு வா. சின்ன அளவு, பழைய பெல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பாம்பன்காத்து:
தம்பி, போகும்போது எனக்கும் சொல். நானும் வருகிறேன்.