காகம் ஏன் கரைந்து கூட்டம் சேர்க்கிறது? மாணவனின் கேள்விக்கு விடை தேடுகிறேன்

கேட்டவர்: கொக்குவில் உயிரியல் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா சனிக்கிழமை விரதம் இருப்பவர். சமையல் முடிந்ததும் வாழையிலைத் துண்டொன்றில் சோறும் கறியும் எடுத்துக் கிணற்றடி மதிலில் வைத்து, காகம் வந்து வாய் வைத்த பின்னரே தாம் சாப்பிட அமர்வார். சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான் என்றாலும், இப்போதுதான் கவனித்துப் பார்க்கிறேன். முதலில் வரும் காகம் பெரும்பாலும் உடனே இலையில் இறங்குவதில்லை. முருங்கைக் கிளையில் இருந்து சில தடவைகள் கரைகிறது. சிறிது நேரத்தில் மேலும் நான்கைந்து காகங்கள் வந்துவிடுகின்றன. தனியே வயிறார உண்டிருக்கக்கூடிய காகத்துக்கு இறுதியில் மிஞ்சுவது சில பருக்கைகளே.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "இயற்கைத் தேர்வு தன் பிழைப்பைப் பார்க்கிற உயிருக்குத்தான் சாதகம் என்று படிப்பித்தீர்கள். அப்படியென்றால் இந்தக் காகம் ஏன் மற்றவற்றைக் கூப்பிடுகிறது?" என்று கேட்டான். காக இனம் தழைப்பதற்காக என்று பதில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அந்தப் பதில் எனக்கு நிறைவைத் தரவில்லை. அவன் முகத்திலும் நிறைவு தெரியவில்லை.

இனத்தின் நன்மைக்காக ஒரு விலங்கு இப்படி நடக்கிறது என்று சொல்வது தவறா? தவறென்றால் எந்த இடத்தில் தவறு? காகத்தின் செயலுக்கு வேறு என்ன விளக்கம் இருக்கலாம், அதை எங்கள் முற்றத்திலேயே சோதித்துப் பார்க்க வழியுண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

வடமராட்சி ஓய்வுபெற்ற ஆசிரியர்

ரீச்சர், உங்கள் மாணவன் கேட்டது கூர்ப்புக் கொள்கையின், அதாவது பரிணாமக் கொள்கையின், மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று, அவனைப் பாராட்டுங்கள். நீங்கள் சொன்ன பதிலை ஒரு காலத்தில் பெரிய ஆய்வாளர்களும் சொன்னார்கள். விலங்குகள் தம் கூட்டத்தின் நலனுக்காகத் தமது இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்துகின்றன என்று வின் எட்வர்ட்ஸ் 1962இல் விரிவாக வாதிட்டார். 1966இல் ஜோர்ஜ் வில்லியம்ஸ் அந்த வாதத்தின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார்.

தவறு எங்கே என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் மாணவருக்குக் காட்டலாம். ஓர் ஊரில் பத்துக் காகங்கள் இருக்கின்றன. ஒன்பது காகங்கள் இரையைக் கண்டதும் கரைந்து அழைக்கின்றன. பத்தாவது காகம் மற்றவை அழைக்கும்போது போய் உண்கிறது, தான் கண்டதை மட்டும் சத்தமின்றித் தானே உண்கிறது. வேறெதுவும் மாறாவிட்டால், அந்தப் பத்தாவது காகத்துக்கே கூடுதல் உணவும் கூடுதல் குஞ்சுகளும் கிடைக்கும். அமைதியாக உண்ணும் இயல்பு பரம்பரையாகக் கடத்தப்படுவதாயின், சில தலைமுறைகளில் ஊர் முழுவதும் வாய் திறக்காத காகங்களாகிவிடும். முழு இனத்துக்கும் நன்மை என்பது மட்டுமே காரணமானால், அழைக்கும் இயல்பு நிலைத்திருக்க முடியாது. குழுக்களுக்கிடையிலான போட்டியும் சில நிலைமைகளில் தேர்வுக்கு இடம் தரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இறுக்கமான நிபந்தனைகள் வேண்டும்.

அப்படியானால் அழைப்பதால் அழைக்கும் காகத்துக்கோ, அது காவும் பரம்பரையலகுகளுக்கோ ஏதாவது பயன் இருக்க வேண்டும். உறவினர் ஒரே பரம்பரையலகுகளைப் (ஜீன்களைப்) பகிர்வதால், உறவினருக்கு உதவுவதும் அவற்றைப் பரப்பும். அந்த இரண்டாம் வழியைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் உயிரியலாளர் ஹமில்டன். 1964இல் வெளிவந்த அவருடைய இரண்டு கட்டுரைகளும் இத்துறையின் போக்கையே மாற்றின. உதவி பெறுபவர் அடையும் பயனை இருவருக்குமிடையிலான உறவின் அளவால் பெருக்கினால் வரும் பெறுமானம், உதவி செய்பவரின் இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால், உதவும் இயல்பு பரவும். உடன்பிறப்புக்கு அந்த அளவு 1/2, மச்சான் மச்சாள் முறையான முதல் ஒன்றுவிட்ட உறவுக்கு 1/8. போல் ஷேர்மன் 1977இல் கலிபோர்னியாவின் மலைப்பகுதித் தரை அணில்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று: எதிரி விலங்கு வருவதைக் கண்டு எச்சரிக்கை ஒலி எழுப்பியவை பெரும்பாலும் அருகில் உறவினர் வாழும் பெண் அணில்களே.

உங்கள் வளவு மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தால் அதையும் காட்டுங்கள். முதிர்ந்த முசுறுகளுக்கு இலைகளைத் தைக்கப் பட்டிழை இல்லை. கூட்டிலுள்ள குடம்பிகளை, அதாவது புழுப்பருவ இளம் எறும்புகளை, வாயில் கவ்வி, தறியின் நாடாவைப் போல இலை விளிம்புகளுக்கிடையே அங்குமிங்கும் அசைத்து, குடம்பி சுரக்கும் இழையால் தைக்கின்றன. கலவி செய்யாத வேலையாட்கள் வாழ்நாள் முழுவதும் இராணியின் பிள்ளைகளுக்காக உழைக்கின்றன. இப்படிப்பட்ட மலட்டு வேலையாட்கள் தம் கொள்கைக்கே பெரும் இடராகத் தோன்றுவதாக டார்வின் 1859இலேயே எழுதினார். எறும்பு, தேனீ, குளவிகளில் ஆண் கருக்கட்டாத முட்டையிலிருந்து ஒருமடியமாக, அதாவது தாயிடமிருந்து வரும் ஒரே தொகுதிப் பரம்பரையலகுகளோடு, தோன்றுவதால், ஒரே தந்தையின் மகள்களான சகோதரிகளுக்கிடையே உறவின் அளவு 3/4 ஆகிறது. ஆனால் அந்த ஓர் எண்ணோடு விளக்கம் முடிந்துவிட்டதாக மாணவர் எழுதிவிடக் கூடாது. கறையானில் ஆணும் பெண்ணும் இருமடியமே, அதாவது இரண்டு தொகுதிகள் கொண்டவையே. அங்கும் மலட்டு வேலையாட்கள் உண்டு.

நெடுந்தீவு விலங்கியல் மாணவி

ரீச்சர், ஐயா எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் கிணற்றடி மதிலில் கூடும் காகங்கள் உறவினர்தானா என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். காகத்தின் நெருங்கிய உறவான அண்டங்காக்கை வகையொன்றில் இதே கேள்வி விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவின் மெயின் மாநிலக் காடுகளில் பேர்ண்ட் ஹைன்றிச், பனிக்காலத்தில் இறந்த விலங்குகளின் உடல்களை இரையாக வைத்துக் காத்திருந்தார். அந்த இடத்தைத் தம் ஆட்சிப் பரப்பாகக் கொண்ட இணைப்பறவைகள் இரையைக் கண்டால் அமைதியாக உண்டன. இடமில்லாது அலையும் இளம் பறவைகளே சத்தமிட்டன. ஒன்றிரண்டு இளம் பறவைகள் இறங்கினால் இணைப்பறவைகள் துரத்திவிடும். கூட்டமாக இறங்கினால் துரத்த முடியாது. ஆக, அந்த அழைப்பு தனக்குக் கிடைக்கவே மாட்டாத உணவில் ஒரு பங்கையாவது பெறும் வழியாக இருந்தது. அப்படிக் கூடிய பறவைகள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் அல்ல என்பதைப் பின்னர் டிஎன்ஏ ஒப்பீடு காட்டியது.

இரண்டாவது ஆய்வு உங்கள் மாணவருக்கு இன்னும் பொருத்தமானது, ஏனெனில் அதைச் செய்யப் பாண் துண்டுகள் போதும். மார்க் எல்கர் 1986இல் அடைக்கலங்குருவிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், முதலில் வந்த குருவி இரைக்கருகில் இருந்து ஒலியெழுப்பி மற்றவற்றைச் சேர்த்துக்கொண்ட பின்னரே இறங்குவதைக் காட்டினார். அதே பாணைப் பங்கிட முடியாத ஒரே துண்டாக வைத்தபோது அழைப்பு குறைந்தது. துகள்களாக உதிர்த்து வைத்தபோது அழைத்தது. பலர் சேர்ந்து கொத்தும்போது ஒவ்வொரு குருவியும் தலை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய நேரம் குறைகிறது. பூனையோ வல்லூறோ வந்தாலும் தான் அகப்படும் வாய்ப்புக் குறைகிறது. உணவு எல்லோருக்கும் போதுமானால் துணை சேர்ப்பதால் வரும் பாதுகாப்பு இலாபம். போதாதென்றால் துணை நட்டம்.

எங்கள் நாட்டிலிருந்தும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1968 முதல் பொலநறுவையில் குரங்குகளைத் தொடர்ந்து கவனித்துவந்த வொல்ப்காங் டிட்டஸ், இலங்கைக்கே உரிய அந்தக் குரங்கினம் நிறைய உணவைக் கண்டதும் தனி ஒலியொன்றை எழுப்புகிறது என்றும், அதைக் கேட்ட குழு உறுப்பினர்கள் அங்கு விரைகின்றன என்றும் 1984இல் எழுதினார். அதே குழுக்களில் உயர்ந்த நிலையிலுள்ள குரங்கு, தாழ்ந்த நிலையிலுள்ள குரங்கின் வாயைத் திறந்து கன்னப்பையிலுள்ள உணவையே எடுத்துக்கொள்வதையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். அழைப்பும் பறிப்பும் ஒரே கூட்டத்தில் ஒன்றாக இருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு விலங்கைக் கொடையாளி என்றோ தன்னலக்காரன் என்றோ ஒரே சொல்லில் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சுன்னாகத்துத் தோட்டக்காரன்

நான் படித்த காலத்தில் இவையெல்லாம் பாடமாக இருக்கவில்லை, பிள்ளைகள். ஆனால் நாற்பது வருடமாகத் தோட்டத்தில் புலுனிகளைப் பார்த்துவருகிறேன். ஏழெட்டாகத்தான் வரும், சருகைக் கிளறும்போது ஒன்று வேலியில் ஏறி நிற்கும், சிறிது நேரத்தில் அது இறங்க இன்னொன்று ஏறும். கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் தகப்பன் மட்டுமல்ல, மற்றப் புலுனிகளும் புழு கொண்டுவந்து ஊட்டுகின்றன. சில வருடங்களில் அந்தக் கூட்டிலேயே சுடலைக்குயிலின் குஞ்சு வளர்வதையும், முழுக் கூட்டமும் அதற்கும் சேர்த்து உணவூட்டுவதையும் கண்டிருக்கிறேன். பிறர் குஞ்சுக்கு ஊட்டும் புலுனி என்ன இலாபத்தைக் காண்கிறது? வேலியில் நிற்கும் புலுனி மற்றவற்றுக்காகத்தானே தன் சாப்பாட்டை விடுகிறது?

நெடுந்தீவு விலங்கியல் மாணவி

ஐயா, உங்கள் கேள்வியைப் பற்றி ஆய்வாளர்களே நெடுங்காலம் வாதிட்டார்கள். இஸ்ரேலின் வரண்ட பகுதியொன்றில் புலுனியின் உறவான அரேபியச் சிலம்பனைப் பல பத்தாண்டுகள் கவனித்த அமொட்ஸ் சஹாவி, காவல் நிற்பதும் ஊட்டுவதும் தன் வலிமையைக் கூட்டத்துக்குக் காட்டி மதிப்புப் பெறும் வழிகள் என்றார். அதே பறவைகளில் ஜொனதன் ரைட்டும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், மேலதிக உணவு கொடுக்கப்பட்ட பறவைகள் கூடுதலாகக் காவல் நின்றன. அதாவது வயிறு நிறைந்த பறவைக்கு மேலே ஏறி நிற்பதே பாதுகாப்பான வேலை. ஆபிரிக்காவின் கலகாரியிலுள்ள மீர்கட் என்னும் சிறு விலங்குகளிலும் 1999இல் இதே போன்ற முடிவு கிடைத்தது. காவல் நிற்கும் விலங்கே எதிரியை முதலில் காண்கிறது. எனக்கு இந்த விளக்கம் சஹாவியின் விளக்கத்தைவிட வலுவாகப் படுகிறது, ஏனெனில் உணவைக் கூட்டிப் பார்த்து அதைச் சோதித்திருக்கிறார்கள்.

ஊட்டுவது வேறு கணக்கு. தனிக்குடித்தனம் நடத்த இடமில்லாத இளம் பறவை பெற்றோரோடு தங்கித் தம்பி தங்கைகளை வளர்ப்பது நட்டமல்ல. இந்து சமுத்திரத்தின் சீசெல்ஸ் தீவுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. 1988இல் கசின் தீவிலிருந்து 29 சீசெல்ஸ் கதிர்க்குருவிகளை வெற்றாக இருந்த அரீட் தீவுக்குக் கொண்டுசென்றார்கள். கசினில் காலியான இடங்களை உதவியாளர்களாக இருந்த பறவைகள் உடனே பிடித்துக்கொண்டு தாமே கூடு கட்டின. அரீட்டில் நல்ல இடங்கள் நிரம்பும்வரை இளம் பறவைகள் எவருக்கும் உதவியாளராகத் தங்கவில்லை. சுடலைக்குயிலோ இந்த ஒழுங்கின் இடைவெளிக்குள் நுழைகிறது: தன் கூட்டிலுள்ள குஞ்சு தன் உறவே என்பது புலுனிக்குப் பெரும்பாலும் உண்மை, குயிலின் முட்டையும் புலுனியின் முட்டையைப் போல நீலப்பச்சை நிறம்.

கொக்குவில் உயிரியல் ரீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு தயக்கம் மட்டும் மிஞ்சுகிறது. காகம் இலாபத்துக்காகவே அழைக்கிறது என்று நாளை வகுப்பில் சொன்னால், உலகில் அன்பென்று ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன்.

வடமராட்சி ஓய்வுபெற்ற ஆசிரியர்

அந்த அச்சம் எனக்கும் வகுப்பில் இருந்தது. நிக்கோ டின்பேர்கன் 1963இல் காட்டிய வேறுபாடு எனக்கு உதவியது. ஒரு நடத்தையை இந்த நேரத்தில் எது தூண்டுகிறது என்பதும், அந்த நடத்தை பல தலைமுறைகளாக ஏன் நிலைத்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பரம்பரையலகுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அவள் அன்பு உண்மையானது. அந்த அன்பு ஏன் உயிர்களிடம் தோன்றி நிலைத்தது என்பதற்கே கூர்ப்பு விடை தருகிறது. இலாபம் என்ற சொல்லைக் காகத்தின் நோக்கமாகச் சொல்லாமல் விளைவாகச் சொல்லுங்கள்.

உறவில்லாதவரிடையேயும் உதவி நிலைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குருதியுண்ணும் வௌவால் தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் இரையின்றி இருந்தால் இறந்துவிடும். பசித்த வௌவாலுக்கு உண்டு வந்த வௌவால் தான் குடித்ததைக் கக்கிக் கொடுப்பதை வில்கின்சன் கொஸ்தரிக்காவில் கண்டு 1984இல் எழுதினார். 2013இல் கார்ட்டரும் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதை உறவைவிட, முன்பு யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே நன்றாகக் காட்டியது.

கொக்குவில் உயிரியல் ரீச்சர்

அப்படியே சொல்கிறேன், ஐயா. சோதனைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். ஒரே அளவு சோற்றை ஒருநாள் ஒரே உருண்டையாகவும் இன்னொரு நாள் அகலமாகப் பரப்பியும் வைத்து, முதற்காகம் இறங்குவதற்கு முன் எத்தனை தடவை கரைகிறது, எத்தனை காகம் வருகிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். இது போதுமா?

நெடுந்தீவு விலங்கியல் மாணவி

அடிப்படை சரியானது, ரீச்சர். மூன்று திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். எந்த நாளில் எந்த முறை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் என்று வைத்தால் வேறு காரணங்கள் கலந்துவிடும். கரைதலை எண்ணும் மாணவனுக்குச் சோறு உருண்டையா பரப்பியதா என்பது தெரியாதபடி அவனை வீட்டுக்குள் இருத்தி ஒலியை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். மேலும், சனிக்கிழமை இலையில் இதைச் செய்ய வேண்டாம்: அந்த நேரத்தில் அந்த மதிலுக்கு வரப் பழகிய காகங்கள் முன்கூட்டியே காத்திருக்கும், முதற்காகம் கரைந்ததனால் வந்தனவா, பழக்கத்தால் வந்தனவா என்று பிரிக்க முடியாது.

கொக்குவில் உயிரியல் ரீச்சர்

நல்லது. அம்மாவின் இலை மதிலிலேயே இருக்கட்டும். பின்வளவில், இதுவரை சோறு வைத்திராத வேலியோரத்தில், செவ்வாய்க்கிழமை காலை தொடங்குகிறோம். இரண்டு மாதங்கள் குறித்துக்கொண்ட பின் எண்களை இங்கே எழுதுகிறேன்.