பெரிய வீட்டுப் பங்காளிகள் (குடும்பச் செய்திக் குழு): வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கெல்லாம் தெரியும்?

சனிக்கிழமை

லெட்சுமணன், காலை 7:05
எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் சாமான் எல்லாம் இறக்கியாச்சு. ஆனால் ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. காலை ஆறரைக்கு ஒரு போன். எனக்கு இந்த வண்டியை விற்ற மனிதர். “என்ன தம்பி, கானாடுகாத்தானில் நிற்கிறீர்களே, வீட்டில் விசேஷமா?” என்று கேட்டார். ஊர் பெயரை நான் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மீனா, காலை 7:08
நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கை நடுங்கிவிட்டது.

சொக்கலிங்கம் அண்ணன், காலை 7:11
அவருக்கு எப்படித் தெரிந்தது?

லெட்சுமணன், காலை 7:16
வண்டியோடு வரும் ஆப் அண்ணே. ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறி நாலு மாதம் ஆகிறது, ஆப் மட்டும் இன்னும் அவர் போன் நம்பரிலேயே இருக்கிறது. நல்ல மனிதர், “எனக்கு இது தெரியக்கூடாது, எடுத்துவிடுங்கள்” என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் நாலு மாதமாக நாங்கள் எங்கே போனோம், எத்தனை மணிக்கு வீட்டில் வண்டி இல்லை, எல்லாம் அவர் கையில் இருந்திருக்கிறது. பூட்டைக்கூட அங்கிருந்தே திறக்கலாமாம்.

சொக்கலிங்கம் அண்ணன், காலை 7:20
இதை லேசாக விடாதே லெட்சுமணா. நம் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. முகப்பு இந்தத் தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில், முன்னால் ஆள் இருந்தால் பின்னால் நடப்பது தெரியாது. தேக்குத் தூணையே அறுத்து எடுத்துப் போகிற காலம். வண்டி கிளம்பியாச்சு என்று தெரிந்தால் போதும், வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

அழகு, காலை 7:31
வள்ளி அயித்தையைக் கேட்போம், அவர்கள் வேலையே இதுதான். எனக்கும் இதில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. காலேஜில் என் செமினார் தலைப்பே இதுதான்: வண்டிகள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசும்போது ஓட்டுகிறவர் யார் என்று தெரியாமல் காப்பது எப்படி. திங்கட்கிழமை பேச வேண்டும்.

உமையாள் அப்பத்தா, காலை 7:40 (குரலில் சொன்னது, மீனா தட்டச்சு)
வண்டியும் வண்டியும் பேசுமா? அந்தக் காலத்தில் வில்வண்டி வந்தால் மாட்டுச் சலங்கைச் சத்தத்திலேயே இன்னார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவோம். இருட்டில் ஆள் ஒதுங்க வேண்டும் என்றுதான் சலங்கை கட்டுவது. ஆனால் ஊருக்கே தெரிந்துவிடும், யார் வீட்டு ஐயா எந்நேரம் திரும்புகிறார் என்று.

வள்ளியம்மை, காலை 8:02
அப்பத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். பதினொரு வருடமாக நான் பார்க்கும் வேலையே இந்தச் சலங்கைதான். ஆள் ஒதுங்கச் சத்தம் வேண்டும், ஆனால் யார் வீட்டு மாடு என்று தெரியக்கூடாது.

தம்பி, முதலில் உன் விஷயம். அந்த ஆப் வேறு, அழகு கேட்பது வேறு. உன் வண்டியில் ஒரு சிம் இருக்கிறது, அது கம்பெனி சர்வரோடு பேசுகிறது. கணக்கு அவர் பெயரில் இருக்கும்வரை சர்வர் அவரிடம்தான் சொல்லும். இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போ. விற்பனைப் பத்திரமும் ஆர்.சி.யும் காட்டி உரிமையாளர் பெயரை மாற்றச் சொல். வண்டித் திரையில் எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்கும் தெரிவு இருக்கும், அதையும் செய். அவர் போன் புளூடூத் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடு.

வள்ளியம்மை, காலை 8:04
அங்கே “சேவையை மேம்படுத்தத் தரவு பகிரலாமா” என்று வரும், அதில் டிக் போட்டுவிடாதே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் எத்தனை தடவை அழுத்திப் பிரேக் போட்டார்கள், ராத்திரி எந்நேரம் ஓட்டினார்கள் என்பது வரை தரவு விற்கும் நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டுக்காரர்கள் கைக்குப் போனது 2024-ல் வெளியே வந்தது. பிறகு 2025 ஜனவரியில்தான் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது.

லெட்சுமணன், காலை 8:09
சரி வள்ளி ஆச்சி, பத்து மணிக்குப் போகிறேன்.

அழகு, காலை 8:15
அயித்தை, வண்டிக்கு வண்டி பேசுவதில் சர்வரே கிடையாது, அப்படியென்றால் யாருக்கும் எதுவும் போகாதே, அதில் என்ன பயம் என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வள்ளியம்மை, காலை 8:34
நல்ல கேள்வி, நிதானமாக எழுதுகிறேன். சர்வர் இல்லை என்பது உண்மை. ஆனால் ரகசியமும் இல்லை. இந்த ரேடியோ பொருத்திய ஒவ்வொரு வண்டியும் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் நொடிக்குப் பத்துத் தடவை கத்துகிறது: நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகம், இந்தத் திசை, பிரேக் போட்டிருக்கிறேன், என் நீளம் இவ்வளவு அகலம் இவ்வளவு. முந்நூறு மீட்டர் தூரத்துக்குள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பூட்டி, அதாவது ரகசியக் குறியீடாக்கி, அனுப்ப முடியாது, ஏனென்றால் எதிரில் வரும் முன்பின் தெரியாத வண்டிக்கும் அது உடனே புரிந்தாக வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி நிற்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே வண்டிக்குத் தெரிகிறது, அதற்காகத்தான் இவ்வளவும். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் எட்டாம் தலைமுறை கோல்ஃபில் இது வந்துவிட்டது. நம் ஊர் வண்டிகளில் இன்னும் பரவவில்லை, அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். ஒரு தடவை வண்டிக்குள் பொருத்திவிட்டால் பதினைந்து வருடம் அதே வண்டிதான் ஓடும்.

சொக்கலிங்கம் அண்ணன், காலை 8:41
நம்பர் பிளேட்டைத்தான் ஊரே பார்க்கிறதே வள்ளி, இதில் புதிதாக என்ன?

வள்ளியம்மை, காலை 8:50
பிளேட்டைப் பார்க்க ஒரு ஆள் கண்விழித்து நிற்க வேண்டும், இல்லை கேமரா வேண்டும், அது நேராகத் தெரிய வேண்டும். ரேடியோவுக்கு ஒரு பெட்டி போதும் அண்ணே. மாடியில் வைத்துவிட்டுப் போனால் மழையோ இருட்டோ, தெருவில் போகும் ஒவ்வொரு வண்டியையும் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியில் நம்பர், சேசிஸ் எண், பெயர் எதுவும் இருக்காது, வடிவமைத்தவர்கள் அதில் கவனமாகத்தான் இருந்தார்கள். ஆனால் செய்தி போலி இல்லை என்று காட்ட ஒவ்வொன்றிலும் மின்னணுக் கையெழுத்து வேண்டும். கையெழுத்து ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் அதுவே சலங்கை.

அழகு, காலை 8:53
அதற்குத்தான் புனைபெயர்ச் சான்றிதழா, அடிக்கடி மாறும் தற்காலிகப் பெயரில் கையெழுத்துப் போடுவது?

வள்ளியம்மை, காலை 9:10
ஆமாம். அமெரிக்கத் திட்டத்தில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு இருபது சான்றிதழ். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வாரம் புதிதாக இருபது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார். சென்னையிலிருந்து இங்கே வர ஏழு மணி நேரம். 420 நிமிடம், 84 மாற்றம், பெயரோ இருபதுதான். ஒவ்வொரு பெயரும் ஒரே பயணத்தில் நாலு தடவை திரும்ப வருகிறது. வழியில் நாலைந்து இடத்தில் பெட்டி வைத்தவன் அந்த இருபதையும் ஒரு கட்டாகக் கட்டிவிடுவான்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. திருச்சி ரோட்டிலிருந்து நம் ஊருக்குள் திரும்பும் அந்தப் பாதையை நினைத்துக்கொள். ராத்திரி ஒன்பது மணி, உன் சித்தப்பா வண்டி ஒன்றுதான். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் வண்டி நகர்வது 1.7 மீட்டர்கூட இல்லை. இந்த இடத்தில் ‘அ’ என்ற பெயர் நின்றுபோகிறது, ஒன்றரை மீட்டர் தள்ளி ‘ஆ’ என்ற புதுப் பெயர் அதே வேகத்தில் அதே திசையில் முளைக்கிறது. ஆளில்லாத ரோட்டில் ஒருவன் சட்டையை மாற்றினால் அது அவன்தானே?

அழகு, காலை 9:14
அய்யோ, ஆமாம். அப்படியென்றால் மாற்றுவதே வீணா?

வள்ளியம்மை, காலை 9:29
வீணில்லை. எங்கே மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காரைக்குடி புதிய பேருந்து நிலையம் பக்கம், நாற்பது வண்டி நெருக்கியடிக்கும் இடத்தில், எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் வாயை மூடிவிட்டு ஆளுக்கொரு புதுப் பெயரோடு வெளியே வந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கலப்பிடம் என்பார்கள். ஆனால் சந்தடியான சந்திப்பில்தான் விபத்தும் நடக்கிறது, அங்கே வாயை மூடினால் சலங்கை கட்டியதே வீண். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் மௌனம், வேகம் குறைவாக இருக்கும்போது மட்டும் மௌனம் என்று பல யோசனைகள் வந்திருக்கின்றன. வேகம் குறைவான நேரத்து மௌனம்தான் எனக்குப் பிடித்தது, அந்த வேகத்தில் மோதினாலும் உயிர் போவது அபூர்வம்.

இன்னொன்று, மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நொடியில் மாற்ற வேண்டும். சான்றிதழ் மாறி ரேடியோ முகவரி மாறாமல் நின்றால் தீர்ந்தது. கடந்து வந்த தடத்தின் புள்ளிகளையும் செய்தியில் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டு. பெயரை மாற்றிவிட்டுப் பழைய தடத்தை வைத்திருந்தால் தன்னையே காட்டிக்கொடுத்த மாதிரி. நீளம் அகலம் மட்டும் மாறாது, அதைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லாமல் முழு எண்ணாக்கிச் சொன்னால் ஒரே மாதிரி வண்டிகள் கூட்டத்தில் கரையும்.

சொக்கலிங்கம் அண்ணன், காலை 9:36
எனக்கு இது சரியாகப் படவில்லை. போன வருடம் திருமயம் தாண்டி என் சிநேகிதரை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஆறு மாதம் படுக்கை. அடித்தவன் இன்றுவரை யாரென்று தெரியாது. எல்லோரையும் முகம் தெரியாமல் ஆக்கிவிட்டால் அவனை எப்படிப் பிடிப்பது?

வள்ளியம்மை, காலை 9:52
அந்தக் கேள்வியைத் தள்ள முடியாது அண்ணே. அதனால்தான் யாருமே கண்டுபிடிக்க முடியாத மாதிரி வைக்கவில்லை, ஒருத்தர் தனியாகக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வைத்தார்கள். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டுச் சாவியை இரண்டு பேரிடம் கொடுப்போமே, அது போல. எந்த வண்டி என்று அறிந்து பதிவு செய்யும் இடம் வேறு, புனைபெயர் கொடுக்கும் இடம் வேறு. பெயர்களைக் கோத்துப் பார்க்க உதவும் விதை என்ற ரகசிய எண் இரண்டு அமைப்பிடம் பாதிப் பாதியாக இருக்கும். ஒரு வண்டி பொய்ச் செய்தி அனுப்பி மற்றவர்களை ஏமாற்றினால் இந்த அமைப்புகள் சேர்ந்து அதன் பெயர்களை ரத்து செய்யலாம். எந்த அமைப்பும் தனியாகப் புரட்ட முடியாது.

உங்கள் சிநேகிதர் விஷயத்தில் நியாயம் கிடைக்கக் கோர்ட் உத்தரவோடு திறக்கிற வழி வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு சாவியும் ஒரே அலுவலகத்து ஒரே அலமாரியில் தொங்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது ரோட்டில் போகிறவனுக்கும் உண்டு.

சொக்கலிங்கம் அண்ணன், காலை 9:58
கோர்ட் உத்தரவு என்றால் சரி. அது இருக்க வேண்டும்.

மீனா, காலை 10:05
ஆச்சி, பெயர் இல்லாமல் வெறும் இடம் மட்டும் தெரிந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? புள்ளி புள்ளியாகத்தானே இருக்கும்.

வள்ளியம்மை, காலை 10:13
அந்தப் புள்ளிதான் மீனா ஆபத்து. 2013-ல் வந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் எல்லாம் நீக்கியதுதான். இடமும் நேரமும் சேர்ந்த நாலே நாலு புள்ளி தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. நம் கதையையே எடுத்துக்கொள்: ராத்திரி சென்னையில் நிற்கும் வீடு, பகலில் நிற்கும் ஆபீஸ், வருடத்துக்கு ஒரு தடவை இந்த வளவு வீடு. மூன்றே புள்ளி. இந்த மூன்றும் சேர்ந்த குடும்பம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

மீனா, காலை 10:15
நாங்கள் மட்டும்தான்.

உமையாள் அப்பத்தா, காலை 10:22 (குரல்)
டயருக்குள்ளேயும் ஏதோ இருக்கிறதாம், அழகு சொல்கிறான். அதுவும் கத்துமா?

வள்ளியம்மை, காலை 10:31
கத்தும் அப்பத்தா. காற்று குறைந்தால் சொல்ல டயருக்குள் சின்ன ரேடியோ வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண். 2010-லேயே அமெரிக்காவில் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகத்தார் ஓடுகிற வண்டியின் அந்த எண்ணை நாற்பது மீட்டர் தள்ளி நின்று பிடித்துக் காட்டினார்கள். பூட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை, போலிச் செய்தி அனுப்பி எச்சரிக்கை விளக்கையே எரிய வைத்தார்கள். மேலே ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெயர் மாற்றி, கீழே நாலு சக்கரமும் பழைய பெயரையே கத்திக்கொண்டு போனால் என்ன பயன்? அழகு, இதை செமினாரில் கட்டாயம் சொல். சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே காற்றைக் கணிக்கும் வண்டிகளும் உண்டு, அவற்றில் இந்த ரேடியோ இல்லை.

அழகு, காலை 10:36
முதல் படத்திலேயே அப்பத்தாவின் சலங்கையைப் போடுகிறேன் அயித்தை. பிறகு அந்த 1.7 மீட்டர் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.

லெட்சுமணன், பகல் 12:48
சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். முதலில் பழைய உரிமையாளர் வந்து ஓ.டி.பி. கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். விடவில்லை, ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது, மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மாற்றிக் கொடுத்தாயிற்று. அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஆப்பில் இனி வண்டி தெரியவில்லையாம்.

வள்ளியம்மை, பகல் 12:55
நல்லது தம்பி. இன்னும் ஒன்று. நேற்று லெம்பலக்குடி டோலில் ஃபாஸ்டேக் பணம் எடுத்த செய்தியை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து “வந்துகொண்டே இருக்கிறோம்” என்று இந்தக் குழுவில் போட்டிருந்தாய். வண்டி நம்பர், இடம், நேரம் மூன்றும் அதில் இருக்கிறது. இந்தக் குழுவில் 143 பேர், பாதிப் பேர் முகம் எனக்கே தெரியாது.

லெட்சுமணன், பகல் 12:57
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லெட்சுமணன், பகல் 12:58
டோல் படத்தையும் எடுத்துவிட்டேன் ஆச்சி. ஊருக்குத் திரும்புவது என்றைக்கு என்று இனி இங்கே எழுத மாட்டேன், அண்ணனிடம் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

சொக்கலிங்கம் அண்ணன், பகல் 1:03
சரி. பின்கட்டுத் தாழ்ப்பாளுக்கு ஆசாரி நாலு மணிக்கு வருகிறார், வரும்போது இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு வா. ஒரு சாவி என்னிடம், ஒன்று உன்னிடம்.