செல்ஃப் அடித்தால் ஒரே ஒரு ‘டக்’: குவாலிஸில் ஸ்டார்ட்டர் எங்கே இருக்கிறது, நானே மாற்றலாமா?

தேனி_டீசல்:
வீட்டில் 2004 மாடல் டொயோட்டா குவாலிஸ், அப்பா வாங்கியது, இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. விட்டு விட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் திடீரென்று பிடித்துவிடும், பிடித்தால் இஞ்சின் ஜோராகச் சுற்றும், திணறலே கிடையாது. ஹெட்லைட் மங்கவில்லை, ஹாரன் கணீரென்று அடிக்கிறது, பேட்டரியும் புதுசு. பட்டறையில் கேட்டால் பானெட்டைக்கூடத் திறக்காமல் “செல்ஃப் போச்சு, புதுசு போடுங்க” என்கிறார். ஆயில் ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாம் நானே மாற்றுகிறவன்தான், ஆனால் இந்த ஸ்டார்ட்டர் எந்த மூலையில் இருக்கிறதென்றே தெரியவில்லை. நானே கழற்றலாமா, இல்லை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதா?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சாவியிலிருந்து சொலனாய்டு (ஸ்டார்ட்டரோடு சேர்ந்திருக்கிற மின்காந்த சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் போகிறது, சொலனாய்டும் இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியையோ டெர்மினலையோ பார்க்கவேண்டும். சத்தமே இல்லையென்றால் ரிலே, சாவி சுவிட்ச், சொலனாய்டுக்கு வரும் மெல்லிய வயர், இந்தப் பக்கம் தேடவேண்டும்.

முதலில் பைசா செலவில்லாத வேலை. பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றி, பூத்திருக்கிற வெள்ளையைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பேட்டரி மைனஸிலிருந்து இஞ்சினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் கேபிளின் மறுமுனையையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டவேண்டும். செல்ஃப் இஞ்சினைச் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் புது பேட்டரி என்றாலும் சந்தேகப்படலாம். அதே சமயம் பேட்டரி மைனஸ் ஒரு முனை, இஞ்சின் பிளாக் ஒரு முனை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் கோளாறு சொலனாய்டுக்குள்தான். குவாலிஸில் வருவது டென்சோ வகை கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர். சொலனாய்டின் பின்மூடிக்குள் இரண்டு செம்புக் கான்டாக்ட் இருக்கும், பிளஞ்சர் என்கிற, சொலனாய்டு இழுக்கிற இரும்புத் தண்டின் தலையில் இருக்கிற செம்புத் தட்டு வந்து இரண்டையும் இணைத்தால்தான் மோட்டார் சுற்றும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அங்கே பொறி பறந்து செம்பு தேயும், பேட்டரி பக்கத்துக் கான்டாக்ட் கொஞ்சம் வேகமாகவே தேயும். இருபது வருடம் உழைத்த வண்டியில் இது தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கான்டாக்ட்டும் பிளஞ்சரும் தனியாகவே கிடைக்கும்.

இனி இடம். எந்த வண்டியானாலும் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்புகிற பெருவிரல் தடிமன் கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள், அது போய் நிற்கிற இடம்தான் ஸ்டார்ட்டர். இஞ்சினின் பின்னால் சுற்றுகிற கனத்த சக்கரமான ஃபிளைவீலின் பல்லைப் பிடித்துச் சுற்றவேண்டியது என்பதால் இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கை ஒட்டித்தான் இருக்கும். குவாலிஸில் இஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் மேலேயிருந்து தேடாமல் கீழே படுத்துப் பாருங்கள்.

கழற்றுமுன் பேட்டரி மைனஸ் கேபிள் கட்டாயம் வெளியே. பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தடித்த கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது, ஸ்பேனர் ஒரு பக்கம் அதிலும் மறுபக்கம் பாடியிலும் பட்டால் ஸ்பேனரே பழுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைக்கவேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவேண்டும். அப்புறம் மெல்லிய வயரை உருவி, தடித்த கேபிளின் நட்டைக் கழற்றி, கடைசியாக மவுன்ட்டிங் போல்ட்டுகள். கடைசி போல்ட்டை விடும்போது ஒரு கை அடியில் தாங்கட்டும், டீசல் ஸ்டார்ட்டர் நல்ல கனம், முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

மலையாத்து_பாலா:
பெரியவர் சொன்னது சரிதான், ஆனால் கான்டாக்ட்டோடு நிறுத்தாதீர்கள். இவ்வளவு சிரமப்பட்டு இறக்கிய பிறகு கார்பன் பிரஷ், பேரிங் இரண்டையும் பார்க்காமல் மறுபடி மாட்டுவதில் அர்த்தமே இல்லை. ஆர்மேச்சரில், அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தில், பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளில் துடைத்தால் போதும், பள்ளமே விழுந்திருந்தால் லேத்துக்குப் போகவேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத புது ஸ்டார்ட்டரைவிடப் பழைய ஒரிஜினலைப் பிரித்துச் சரிசெய்வது மேல் என்பது என் கட்சி.

கான்டாக்ட் மாட்டும்போது ஒரு விஷயம். இரண்டும் ஒரே மட்டத்தில் உட்காரவேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் தட்டு ஒரு பக்கம் மட்டும் தொடும், புதுச் செம்பு போட்டும் அதே ‘டக்’ கேட்கும். நட்டை இறுக்கும்போது கான்டாக்ட் சுற்றிக்கொள்ளும், பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இன்சுலேஷன் வாஷர்களைக் கழற்றின வரிசையிலேயே போடுங்கள், மாறினால் பாடியோடு ஷார்ட்.

அபுதாபி_நாகூரான்:
குவாலிஸ்காரர் கொடுத்துவைத்தவர். இங்கே நான் வைத்திருப்பது 4.7 லிட்டர் வி8 லேண்ட் குரூசர், அதில் ஸ்டார்ட்டர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கிறது! மேனிஃபோல்டைக் கழற்றாமல் கை போகாது, கழற்றினால் கேஸ்கெட் புதுசு. கேடிலாக் நார்த்ஸ்டார் வி8-லும் இதே கதைதான். கேபிள் எங்கே போய் மறைகிறது என்று பார்த்துவிட்டுப் பேசாமல் பானெட்டை மூடினேன்.

தேனி_டீசல்:
டெர்மினல், எர்த் எல்லாம் சுத்தம் செய்து பார்த்தேன், மாற்றம் இல்லை. கேபிளைப் பிடித்துப் போய் ஸ்டார்ட்டரையும் கண்டுபிடித்து இறக்கிவிட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே கரி, ஒரு கான்டாக்ட்டில் நடுவில் நன்றாகப் பள்ளம், விளிம்பு மட்டும்தான் நிற்கிறது, இன்னொன்று பரவாயில்லை. பிரஷ் இன்னும் நீளமாக இருக்கிறது. இரண்டு கான்டாக்ட்டும் பிளஞ்சரும் சொல்லிவைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்கவேண்டுமா?

பழைய_ஸ்பேனர்:
இரண்டு வேலை. ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃபிளைவீல் ரிங் கியரின் பற்களைப் பாருங்கள். நியூட்ரலில் வைத்து முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சின் அணையும்போது அநேகமாக எதிரெதிராக இருக்கிற இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும், தேய்மானம் இருந்தால் அங்கேதான் இருக்கும். பல் முனை லேசாக மழுங்கியிருந்தால் ஓட்டிக்கொள்ளலாம், உடைந்திருந்தால் கியர்பாக்ஸ் இறக்குகிற வேலை.

இன்னொன்று, ஏற்றுவதற்கு முன் தரையிலேயே சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட்டரைக் காலால் அழுத்திப் பிடித்து, ஜம்பர் கேபிளில் பிளஸ்ஸைத் தடித்த டெர்மினலுக்கும் மைனஸை ஸ்டார்ட்டரின் பாடிக்கும் கொடுத்து, சின்ன டெர்மினலை ஒரு வயரால் பிளஸ்ஸோடு தொடுங்கள். பினியன் (ஸ்டார்ட்டர் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம்) வெளியே வந்து சுற்றவேண்டும். ஓரிரு விநாடி போதும், துள்ளும், பிடியை விட்டுவிடாதீர்கள்.