பேட்டியில் அவர் அழுதுவிட்டார், நான் கேமராவை நிறுத்திவிட்டேன். செய்தது சரியா?

ரீல்பெட்டி:

வணக்கம். முதல் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருபது நிமிடம்தான். எங்கள் ஊரில் மூடிப்போன ஒரு தியேட்டரில் முப்பத்தேழு வருடம் ஆபரேட்டராக இருந்தவரைப் பற்றியது. சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

போன ஞாயிறு அவர் வீட்டில் வைத்து எடுத்தோம். முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். ஆரம்ப காலத்தில் படம் ஓட்டும் மெஷினில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிதான், இரண்டு குச்சியும் எரிய எரிய நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும், திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கிப்போய்க் கீழே விசில் பறக்கும் என்றார். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வருமே, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இப்போது டிவியில் பழைய படம் ஓடினாலும் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது என்று சிரித்தார்.

அப்புறம் நான் சும்மா, எழுதி வைத்த கேள்விகூட இல்லை, “மெஷின் இப்ப எங்க மாமா இருக்கு?” என்று கேட்டேன். டிஜிட்டல் வந்ததும் இரண்டு மெஷினையும் இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கழற்றிக் கொடுக்க இவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். “நான்தான் கழட்டிக் குடுத்தேன்” என்றார். அதோடு பேச்சு நின்றுபோய், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கேமரா பிடித்த நண்பன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. “படமே அங்கதாண்டா இருந்துச்சு” என்கிறான். ஒரு வாரமாகப் பெரிய இயக்குநர்கள் தங்கள் தொழிலைப் பற்றிக் கொடுத்த பேட்டிகளாகத் தேடித் தேடிக் கேட்கிறேன். எல்லோரும் நம்பிக்கையைச் சம்பாதியுங்கள் என்கிறார்கள். சம்பாதித்ததை எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இங்கே எடுத்துப் பழகியவர்கள் இருப்பீர்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

நடுத்தெரு:

நண்பன் சொல்வதுதான் சரி. எடுத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று தூக்கிப் போடலாம், எடுக்காததை எங்கே போய்த் தேடுவீர்கள்?

கத்தரிமேசை:

நடுத்தெரு சொல்கிற மாதிரி அவ்வளவு லேசாகத் தூக்கிப் போட முடியாது தம்பி. எடிட்டிங்கில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அழுகை டைம்லைனில் வந்து விழுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க மனசே வராது, படம் முழுக்க அதைச் சுற்றியே வளர ஆரம்பித்துவிடும்.

நீங்கள் கேட்டதற்கு உலகத்தில் எல்லோரும் காட்டுகிற உதாரணம் ஒன்று இருக்கிறது, கிளாட் லான்ஸ்மானின் ‘ஷோவா’ என்ற ஆவணப்படம். 1985இல் வந்தது, ஒன்பதரை மணி நேரம், யூதப் படுகொலை பற்றியது, ஆனால் பழைய பிலிம் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. அதில் ஆபிரஹாம் போம்பா என்று ஒருவர். நாஜிகளின் திரெப்ளிங்கா முகாமில் விஷவாயு அறைக்குப் போகும் பெண்களுக்கு முடி வெட்டும்படி ஆக்கப்பட்டவர். லான்ஸ்மான் அவரை வீட்டில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. இஸ்ரேலில் ஒரு சலூனை வாடகைக்குப் பிடித்து, நாற்காலியில் ஒரு ஆளை உட்காரவைத்து, கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார். போம்பா அப்போது தொழிலை விட்டு ஓய்வு பெற்றுவிட்டார், கவனியுங்கள். அவர் வெட்டிக்கொண்டே பேசுகிறார், பாதி நேரம் கத்தரி காற்றில்தான் ஓடுகிறது. தன்னோடு அங்கே முடி வெட்டிய ஒரு நண்பனின் மனைவியும் தங்கையும் உள்ளே வந்ததைச் சொல்லும் இடத்தில் பேச்சு நிற்கிறது. துண்டால் முகத்தைத் துடைக்கிறார், முடியாது, விட்டுவிடுங்கள் என்கிறார். லான்ஸ்மான் விடவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் போம்பாவே, சரி என்று சொல்லித் தொடர்கிறார்.

இதைக் கொடுமை என்று திட்டியவர்களும் உண்டு, சினிமாவிலேயே இதைவிட நேர்மையான காட்சி கிடையாது என்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. எதற்காகக் கேட்கிறார்கள், சொல்லாவிட்டால் என்ன தொலைந்துபோகும் என்பது போம்பாவுக்குத் தெரியும். உங்கள் மாமாவுக்குத் தெரியுமா? ஆபரேட்டர் வேலையைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தவரிடம் போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டு அவரை உடைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் நிறுத்தியது எனக்குத் தப்பாகப் படவில்லை.

இதே லான்ஸ்மான்தான் அந்த முகாமில் இருந்த முன்னாள் எஸ்.எஸ். (ஹிட்லரின் நாஜிப் படை) ஆள் ஒருவரைப் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து, பைக்குள் மறைத்த கேமராவில் படம்பிடித்தார். பெயரும் படத்தில் இருக்கிறது, வாக்குக் கொடுத்ததும் இருக்கிறது! எதிரே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அவருக்கு நியாயம் மாறியது. ஆகவே அந்தப் பேட்டிகளில் பொது விதியைத் தேடாதீர்கள்.

பூம்கம்பு:

நான் சவுண்ட் ஆள், தர்மம் நியாயமெல்லாம் கத்தரிமேசை அண்ணன் பார்த்துக்கொள்வார். என்னிடம் மூன்று நான்கு விஷயம்தான்.

பேட்டி எடுக்கும் அறையில் ஃபேனை அணைத்தீர்களா? நம் ஊர் வெயிலில் யாரும் அணைப்பதில்லை, பிறகு குரலுக்கு அடியில் கடகடவென்று ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைக்கும்போது வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், மறுபடி போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. இது தெரியாமல் ஒரு வீட்டில் இரண்டு கிலோ மீனைக் கெடுத்தவன் நான்.

எல்லாம் முடிந்த பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள், ரூம் டோன். எங்கே வெட்டினாலும் ஒட்டுவதற்கு அது வேண்டும். அவர் பதில் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல வரிகள் பாதி அந்தப் பத்துக்குள்தான் வரும்.

முக்கியமானது: மைக் எது போட்டீர்கள்? சட்டையில் குத்தும் காலர் மைக், பாக்கெட்டில் தனி ரெக்கார்டர் என்றால், கேமராவை அணைத்தபோது அதையும் அணைத்தீர்களா?

ரீல்பெட்டி:

கத்தரிமேசை அண்ணா, நீங்கள் சொன்னது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. வேலையைப் பற்றிப் படம் என்றுதான் மாமாவிடம் சொன்னேன், உண்மை. ஆனால் அந்த மெஷின் போனதைச் சொல்லாமல் வேலையை எப்படிச் சொல்வது என்றும் தோன்றுகிறது.

பூம்கம்பு அண்ணா, ஃபேன் ஓடியது. ஆமாம், ரெக்கார்டர் அவர் பாக்கெட்டில்தான் இருந்தது. அணைத்த ஞாபகம் இல்லை. இப்போதுதான் கார்டைத் தேடப் போகிறேன்.

கல்யாணிவீடு:

நான் படம் எடுப்பவள் இல்லை, எடுக்கப்பட்ட வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். யார் எடுத்தது என்ற விவரம் வேண்டாம், நல்ல பிள்ளைகள்தான், சாப்பாட்டுக்குக்கூட எங்களைச் செலவு செய்ய விடவில்லை.

அம்மா இரண்டு நாள் பேசினார். எந்த மேஸ்திரி கணக்கில் எப்படி ஏமாற்றுவான், அதை எப்படிக் கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள், கூலி எப்படி ஏறியது, எல்லாம். படத்தில் வந்தது அக்கா இறந்ததைச் சொல்லி அழுத நாற்பது விநாடி மட்டும். ஊரில் திரையிட்டபோது அம்மா கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து, “நான் சண்டை போட்டது ஒண்ணு கூட வரலையேடி” என்றார். கேமராவை ஏன் நிறுத்தவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அழுதது நிஜம், எடுத்ததும் தப்பில்லை. அது மட்டுமே அவர் என்று ஆகிப்போனதுதான் ஆறவில்லை.

‘கபர் லஹரியா’ என்று வடக்கே பெண்களே நடத்துகிற பத்திரிகை, அந்தப் பெண்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் போட்டி வரைக்கும் போனது. விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தப் பெண்களே அறிக்கை விட்டார்கள், படம் நெகிழ வைக்கிறது, ஆனால் எங்கள் கதையில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது என்று. அவர்கள் தினமும் கேமரா பிடிக்கிற பத்திரிகைக்காரர்கள், அவர்களுக்கே அப்படி இருந்தால் எங்கள் அம்மா எம்மாத்திரம். தம்பி, அந்த மாமாவிடம் வெட்டி முடித்ததைக் காட்டுங்கள். ஊருக்கு முன்னால் வைத்துக் காட்டாதீர்கள், அவர் வீட்டில், அவர் மட்டும் இருக்கும்போது, மாற்றுவதற்கு நேரம் இருக்கும்போதே காட்டுங்கள்.

நடுத்தெரு:

அக்கா, ஒவ்வொருவரிடமும் காட்டி அனுமதி வாங்கினால் ஒரு படமும் வெளியே வராது. அரசாங்க அதிகாரியிடம் பேட்டி எடுத்துவிட்டு அவரிடமே போட்டுக் காட்டுவீர்களா?

கல்யாணிவீடு:

அதிகாரிக்குக் காட்ட வேண்டாம். எங்கள் அம்மா அதிகாரி இல்லை.

கத்தரிமேசை:

கல்யாணிவீடு சொன்னதுக்கு மேலே நான் சொல்ல ஒன்றுமில்லை, பக்கத்தில் இரண்டை வைக்கிறேன், அவ்வளவுதான்.

வெர்னர் ஹெர்சாக்கின் ‘கிரிஸ்லி மேன்’, 2005. அலாஸ்காவில் கரடிகளோடு பல கோடைகளைக் கழித்த திமோதி ட்ரெட்வெலும் அவர் தோழியும் 2003இல் கரடி தாக்கி இறந்தார்கள். அந்த நேரம் அவர் கேமரா ஓடியிருக்கிறது, மூடி மாட்டியபடி, அதனால் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதில்தான் படத்தைத் தொடங்கியிருப்பார்கள். ஹெர்சாக் ஹெட்போனில் தான் மட்டும் கேட்கிறார். நமக்கு அவர் முதுகுப்பக்கம் தெரிகிறது, எதிரே டேப்பை வைத்திருக்கும் ட்ரெட்வெலின் பழைய தோழி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இதை நீ ஒருபோதும் கேட்காதே, அழித்துவிடு என்கிறார். அழி என்று சொன்னது முட்டாள்தனம் என்று பிற்பாடு அவரே பேட்டியில் ஒத்துக்கொண்டார், அந்த அம்மாவும் அழிக்காமல் பாங்க் பெட்டகத்தில் வைத்துவிட்டார். ஆனாலும் நமக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டவில்லை பாருங்கள், அதனால்தான் அந்தக் காட்சி இத்தனை வருடம் கழித்தும் நிற்கிறது.

இன்னொன்று நம் பக்கத்தது. ஆர்.பி. அமுதன் மதுரையில் எடுத்த ‘பீ’, 2003. ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா ஒரு தெருவைச் சுத்தம் செய்வதைக் கூடவே போய்ப் பார்க்கிறது கேமரா. மேலே ஓடும் வர்ணனை கிடையாது, சோகப் பாட்டு கிடையாது. கூடை, விளக்குமாறு, சாம்பல், கை, அவ்வளவுதான். பார்க்கிற நாம்தான் நெளிவோம். உங்கள் மாமாவையும் நாற்காலியிலிருந்து எழுப்புங்கள். பிலிம் துண்டு ஏதாவது கிடைத்தால் கையில் கொடுத்து எப்படிக் கோப்பீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். முப்பத்தேழு வருடம் செய்த கை சும்மா இருக்காது.

ரீல்பெட்டி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெக்கார்டர் ஓடியிருக்கிறது. கேமரா அணைத்த பிறகு பதினோரு நிமிடம். நான் உள்ளே போகும் செருப்புச் சத்தம், சொம்பு வைக்கும் சத்தம், அவர் மடக் மடக்கென்று குடிப்பது. அப்புறம் கேமரா நண்பனிடம், என்னிடம் இல்லை, அவனிடம் சொல்கிறார்: “ஸ்க்ரூவெல்லாம் லேசா வந்துருச்சுப்பா. வாராவாரம் எண்ணெய் போட்டு வச்சிருந்தேன்ல. கஷ்டமா இருந்தாக்கூடப் பரவாயில்ல, தொட்டதும் வந்துருச்சு.” அவனுக்கே இது ஞாபகம் இல்லை, கேமரா நின்ற கோபத்தில் கேட்காமலே இருந்திருக்கிறான்.

பதிவானது மாமாவுக்குத் தெரியாது. ஆகவே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் கேட்டது, “அன்னைக்கு ஏன்டா நிறுத்தினே? என் பேச்சு போரடிச்சிருச்சோன்னு நெனச்சேன்.” எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டேன். பதினோரு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நடுவில் ஒரு தடவை சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை. கழற்றி வைத்துவிட்டு, “ஸ்க்ரூ சொன்னதை வச்சுக்கோ. மூஞ்சிய மூடினது வேண்டாம். தண்ணி குடிக்கிறது மாடு குடிக்கிற மாதிரி இருக்கு, அதையும் எடுத்துரு” என்றார்.

அப்படியே செய்யப் போகிறோம். அந்தக் குரல் ஓடும்போது காலியாகக் கிடக்கும் ஆபரேட்டர் அறை, தரையில் மெஷின் நின்ற இடத்து எண்ணெய்க் கறை. உரிமையாளரிடம் சாவி கேட்டிருக்கிறேன், புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பூம்கம்பு அண்ணா, ஒரு சிக்கல். தண்ணீர் குடிக்கும் சத்தத்தின் வால் ‘ஸ்க்ரூவெல்லாம்’ என்ற வார்த்தையின் முதல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஃபேன் சத்தம் வேறு. ரூம் டோனும் எடுக்கவில்லை. ஃபைலை அனுப்பட்டுமா?

பூம்கம்பு:

அனுப்புங்கள். அந்தப் பதினோரு நிமிடத்தில் எங்கேயாவது மூன்று விநாடி யாரும் பேசாமல் இருந்திருப்பீர்கள், அதுவே போதும்.