‘தகுவிரி பொருள்கோள்’: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

காப்புரிமைக் கோரிக்கையின் (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை வேண்டும் என்று வரையறுக்கும் பகுதியின்) சொற்களை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் படிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘broadest reasonable interpretation’ என்று பெயர்; நியாயமான வரம்புக்குள் மிக அகலமாகப் பொருள் கொள்வது. அதற்குத் தமிழாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘பரந்த விளக்கம்’ எனக்கு நிறைவாக இல்லை. அதில் அகலம் இருக்கிறது, நியாயம் விடுபட்டுவிட்டது. மேல்முறையீடுகளில் சண்டையே அந்த நியாயத்தைப் பற்றித்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் மழைக்காலத்திலும் பால்வெட்டு நடக்க, ரப்பர் மரத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டுவார்கள். ஒருவர் கழற்றி மாட்டும் வளையம் ஒன்றைச் செய்து, கோரிக்கையில் ‘மரத்தைச் சுற்றி அமைந்து வெட்டை மழையிலிருந்து காக்கும் உறை’ என்று மட்டும் எழுதுகிறார் என்று வையுங்கள். பரிசோதகர் ‘உறை’ என்பதை அகலமாகவே படிப்பார். பழைய பிளாஸ்டிக் தாளும் அதற்குள் வந்துவிடும், புதுமை போயிற்று. ‘கழற்றலாம் என்று விவரணத்தில் சொல்லியிருக்கிறேனே’ என்று, கண்டுபிடிப்பை விளக்கும் அந்தப் பகுதியைக் காட்டினால் எடுபடாது. விவரணத்தின் வெளிச்சத்தில் கோரிக்கையைப் படிக்கலாம்; அங்குள்ள வரம்பை இங்கே இறக்கிவைக்க முடியாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ‘கழற்றி மாட்டத்தக்க’ என்று திருத்தும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது, அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

அதற்காக, மேலே கவிந்த மரக்கிளையும் ஓர் உறைதான் என்று பரிசோதகர் சொல்ல முடியுமா? துறை அறிந்த எவரும் அப்படிப் படிக்கமாட்டார். அங்கே மேல்முறையீடு வெல்லும்.

இந்த இரண்டு பக்கமும் சொல்லில் தெரிய வேண்டும். செய்யுளின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பதற்கு ‘பொருள்கோள்’ என்ற சொல் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கோரிக்கையைப் படிப்பதற்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன முறை ‘தகுவிரி பொருள்கோள்’. துறையில் வழங்கும் இயல்பான பொருளில் படிப்பது ‘துறைவழக்குப் பொருள்கோள்’. வழங்கப்பட்ட காப்புரிமைகளை எதிர்த்து வரும் மறுஆய்வுகளில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை, மேல்முறையீட்டு வாரியம் 2018 நவம்பர் முதல் இதற்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் பொதுவான சொல் கிடைத்தால் ஒப்பிட்டு எழுதுவது எளிது.

இந்தியாவில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. அப்புறம் காப்புரிமை மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன. நம் மாவட்டத்து விண்ணப்பதாரர் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழில் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட சொற்கள் உடனே வேண்டும்.

‘தகுவிரி’ செயற்கையாக ஒலிக்கிறது என்றால் ‘தகுஅகல’ என்று மாற்றலாம், எனக்கு மறுப்பில்லை. ‘தகு’வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.